சாத்திய சன்னல்

மாலை வெயில் டிவி திரையில் பாதியை மறைக்கிறது. சிறுவயதில் அண்ணனோடு மல்லுக்கட்டிய பழைய சண்டை வீடியோ கேமை ஓட்டி, அண்ணனின் ஆறு வயது மகளுக்கு இது ஆகுமா என்று அத்தை பார்க்கிறாள். ரத்தம் இல்லை, கொடுக்கலாம் என்றே தோன்றுகிறது. அண்ணன் எப்போதும் எடுத்துக்கொள்ளும் முரட்டு வீரன், இப்போது கேமே ஆட்டுவிக்க, அத்தையின் வீராங்கனையான பின்னல்காரியைச் சுவரோரம் தள்ளிக் குத்துகிறான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த சிறுமி எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்திக் கொக்கி மாட்டுகிறாள். “ஏண்டி செல்லம், வேர்க்குதே?” “அப்பா அடிக்கிறப்போ அம்மா சாத்தச் சொல்வாங்க அத்தே. பக்கத்து வீட்டுல கேக்கக் கூடாதாம்.” அத்தையின் கட்டைவிரல் பொத்தான்மேல் அப்படியே நிற்கிறது. பின்னல்காரி விழுந்து கிடக்கிறாள். மறுபடி ஆட விருப்பமா என்று கேட்டு, திரையில் ஒன்பது, எட்டு, ஏழு என எண்கள் இறங்குகின்றன. “சீக்கிரம் அழுத்துங்க அத்தே,” என்று சிறுமி அவள் கையை உலுக்குகிறாள். “இல்லன்னா அவ எழுந்திரிக்கவே மாட்டா.”