பன்னிரண்டாவது சுற்று

"இன்னா, இன்னிக்காவது கேட்டீங்களா?"

கதவைத் திறந்ததும் மனைவி அன்புச்செல்வி கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"அடுத்த மாசம் கேட்டுடறேன்" என்றான் வளவன். செருப்பில்லாமல் பதினாலு கிலோமீட்டர் நடந்த கால் விண்விண்ணென்று தெறித்தது.

"போன மாசமும் இதத்தான் சொன்னீங்க."

வளவன் ஒரு விதை கம்பெனியின் திருவண்ணாமலை கிளையில் ஒன்பது வருஷமாக சேல்ஸ் ஆபீசர். கீழ்பென்னாத்தூர் பக்கம் எந்தக் கொல்லைக்காட்டில் எந்த ரக மணிலாக் கடலை போட்டிருக்கிறார்கள் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வான். அவனுக்குப் பின்னால் வந்தவர்கள் மேலே போய்விட்டார்கள். அவன் பேரை மேலே எடுத்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

சொல்லக்கூடிய ஒரே ஆள், வேலூரில் இருக்கிற சோனல் மேனேஜர் சகாதேவன். அவர் கைகாட்டினால் ஹெட் ஆபீசில் மறுபேச்சு கிடையாது.

மாதத்தின் முதல் ஞாயிறு விடியற்காலையில் அவர் தனியாகக் கிரிவலம் வருகிறார் என்று வளவனுக்கு ஒருநாள் தெரியவந்தது. "எனக்கும் ரொம்ப நாளா ஒரு வேண்டுதல் சார்" என்று சேர்ந்துகொண்டான்.

ஆபீசில் அவனுக்கு 'கிரிவல மேனேஜர்' என்று பேர் வைத்தார்கள். பொறுத்துக்கொண்டான். இந்த வருஷம் ஏரியா மேனேஜர் சீட் காலியாகப் போகிறது. அதில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

ஆனால் கேட்க வாய் வரவில்லை.

அக்னி லிங்கம் தாண்டட்டும் என்று நினைப்பான். எம லிங்கத்துக்கிட்ட இந்தப் பேச்சு வேணாம் என்று விடுவான். குபேர லிங்கத்தில் கூட்டம் நெருக்கும். கடைசியில் ராஜகோபுரம் வந்துவிடும். சார் கும்பிட்டுவிட்டுக் கார் ஏறிப் போய்விடுவார்.

நாலாவது மாதம் சார் தானாகவே சொன்னார். "என் வீட்டுக்காரம்மா இருந்தவரைக்கும் ரெண்டு பேரும்தான் வருவோம். எனக்கு முன்னாடி ஓடுவா. நில்லு நில்லுன்னு நான் கத்தணும்."

"அப்படிங்களா சார்" என்றான் வளவன். மனசுக்குள் தன் கோரிக்கையை எப்படி ஆரம்பிப்பது என்று வரி சேர்த்துக்கொண்டிருந்தான்.

பதினோரு சுற்று முடிந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மெயில் வந்தது. புதிய ஏரியா மேனேஜர் அபிநயா. கம்பெனிக்கு வந்து நாலு வருஷம்தான் ஆகிறது. ஒரு தடவைகூடக் கிரிவலம் போகாதவள்.

"பஸ் ஏறி வேலூருக்கே போயிட்டாளாம். இந்தப் போஸ்ட் எனக்கு வேணும், என் பேரைச் சொல்லுங்க சார்னு மூஞ்சிக்கு நேரா கேட்டாளாம்" என்றார்கள் ஆபீசில்.

அன்றைக்கு அன்புச்செல்வி எதுவும் கேட்கவில்லை. சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அதுதான் ஜாஸ்தி வலித்தது.

அடுத்த முதல் ஞாயிறு, போகவே கூடாது என்று படுத்திருந்தான். பிறகு எழுந்தான். ஏன் என் பேரைச் சொல்லவில்லை என்று இன்றைக்குக் கேட்டுவிடலாம். இனி இழக்க என்ன இருக்கிறது?

சகாதேவன் தேரடியில் காத்திருந்தார். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா வளவா? இன்னிக்கு வரமாட்டியோன்னு நெனச்சேன்."

நடந்தார்கள். நிருதி லிங்கம் வந்தது. அவரே ஆரம்பித்தார்.

"அபிநயா நல்ல பொண்ணுப்பா. 'வளவன் அண்ணன்தான் சீனியர். அவருக்கு வேணுமான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு எனக்குக் குடுங்க சார்'னு சொல்லிச்சு."

வளவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மெயில் வந்ததிலிருந்து அவன் அந்தப் பெண்ணின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க என்ன சார் சொன்னீங்க?"

"அவன் எதுக்கும் ஆசைப்படாதவன்மா, அவனுக்கு அதெல்லாம் வேணாம்னு சொல்லிட்டேன்."

வளவன் நடுரோட்டில் நின்றுவிட்டான்.

"ஆசைப்பட்டுத்தான் சார் வந்தேன். வேண்டுதல்னு சொன்னது பொய். பதினோரு மாசமும் அந்த சீட்டுக்காகத்தான் சார் உங்ககூட நடந்தேன். கேட்கத்தான் வாய் வரல."

இரண்டு பேர் அவர்களை விலக்கிக்கொண்டு அரோகரா சொல்லிப் போனார்கள்.

சகாதேவன் திரும்பினார். கோபப்படுவார் என்று வளவன் எதிர்பார்த்தான்.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"மூணாவது மாசமே தெரியும்."

"தெரிஞ்சுமா சார் அந்தப் பொண்ணுகிட்ட அப்படிச் சொன்னீங்க? நான் அதுக்கு லாயக்கில்லையா?"

"உன்னைவிட லாயக்கான ஆள் இந்த சோன்லயே கெடையாது. நீ வாய் திறந்து கேட்டிருந்தா என்னால இல்லைன்னு சொல்லியிருக்க முடியாது. எங்க கேட்டுடுவியோன்னு ஒவ்வொரு மாசமும் பயந்துகிட்டேதான் நடந்தேன்."

"பயமா? உங்களுக்கா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். அவனை நேராகப் பார்க்க முடியாமல் கேட்டார்:

"குடுத்திருந்தா, இன்னிக்கு நீ என்கூட நடக்க வந்திருப்பியா வளவா?"