ஸ்டீல் பெட்டிக்குள் கடல்

அஸ்மாவின் அலமாரிக்கு ஒரு ஸ்டீல் பெட்டி வந்தது. வீடியோ கேம் வட்டு வைக்கிற பெட்டிதான், ஆனால் உலகத்திலேயே ஐந்நூறுதான் செய்தார்களாம். மூடியில் தங்க நிற டிராகன். மற்ற பெட்டிகள் வாயடைத்துப் பார்த்தன.

"உள்ளே என்ன அண்ணே இருக்கு?" என்று கேட்டது பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் பெட்டி.

"தெரியாது. என்னைத் திறந்தால் மதிப்பே போய்விடும்."

மூன்று வருடம் அது திறக்கப்படவே இல்லை. ஒருநாள் பிளாஸ்டிக் பெட்டி தவறி விழுந்து உடைந்தது. அதிலிருந்த வட்டைக் கையில் எடுத்த அஸ்மா, அதை வைக்க வேறு பெட்டி தேடினாள். பிறகு ஸ்டீல் பெட்டியின் கண்ணாடித்தாள் உறையைக் கிழித்தாள். மூடி திறந்தது. உள்பக்கம் முழுக்க வரைந்திருந்த படத்தை அஸ்மா குனிந்து பார்த்தாள்.

"என்ன தெரியுது? யாராவது சொல்லுங்களேன்!" என்று கெஞ்சியது ஸ்டீல் பெட்டி.

தரையில் கிடந்த பிளாஸ்டிக் பெட்டி மெல்லச் சொன்னது: "கடல் அண்ணே. கரையே தெரியலை. எத்தனை படகு! ஒவ்வொண்ணுலயும் விளக்கு எரியுது."