ரெட்டைச் சீனி

"ரெண்டு நாளா ஒண்ணுமே வரல. என்னான்னு பாருலே," என்று போனைக் கண்ணாடி மேசை மேல் வைத்தார் மைதீன் பிச்சை.

பேகம்பூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அந்தோணிராஜ் அதை எடுத்துத் துடைத்தான். அது பாயின் மனைவி சர்புன்னிசாவின் போன். போன ரம்ஜானுக்கு முன்னால் அவள் மவுத்தாகிவிட்டாள். போன் மட்டும் பாயின் சட்டைப்பையில் உயிரோடு இருக்கிறது.

தினமும் அஸர் தொழுகை முடிந்ததும் பாய் நேரே இங்கே வந்துவிடுவார். சர்க்கரை எவ்வளவு, நடை எவ்வளவு, தூக்கம் எவ்வளவு என்று போனில் விழுந்திருப்பதை அந்தோணிராஜ் படித்துச் சொல்ல வேண்டும். ஒரு தடவைக்கு இரண்டு தடவை. மூன்றாம் வகுப்போடு தோல் பதனிடும் ஷாப்பில் வேலைக்குப் போனவர். எந்திரம் சொல்வதை நம்பவும் மாட்டார், கேட்காமல் இருக்கவும் மாட்டார். தூக்கம் நாலு மணி நேரம் என்றால், "நாலு மணி நேரம் தூங்குனா உடம்பு என்னத்துக்காகும்?" என்று யாரையோ வைவதுபோல வைதுகொண்டே போவார்.

"நேத்துப் பாத்த அதேதான் பாய், முந்தாநாள் காலையில வந்ததுதான் கடைசி. சர்க்கரை இருநூத்திப் பன்னெண்டு. அதுக்கப்புறம் கோடே இல்ல."

"இருநூத்திப் பன்னெண்டுக்கு அப்புறம் ஒண்ணுமே இல்லைன்னா என்னலே அர்த்தம்?"

"அட, குத்துக்கல்லாட்டம் என் முன்னாடி நிக்கிறீங்க, அப்புறம் என்ன பயம்? கையில ஒட்டுற வில்லை கழண்டிருக்கும். சட்டையைச் சுருட்டுங்க, பாப்போம்."

ஊசி குத்தாமலே சர்க்கரையும், கூடவே நடையும் தூக்கமும் பார்த்துச் சொல்கிற வில்லை அது. அஞ்சு ரூபாய்க் காசு அளவுதான் இருக்கும். மேல்கையில் ஒட்டிக்கொண்டால் நொடிக்கு நொடி போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

"அதெல்லாம் வேணாம்," என்றார் பாய்.

"வெக்கப்படுறதுக்கு நீங்க என்ன புதுப்பொண்ணா? காட்டுங்க பாய்."

"கையத் தொட்டே, தோலை உரிச்சுப்புடுவேன். நாப்பது வருசம் உரிச்சவன் நான். போனைப் பாருன்னா போனை மட்டும் பாரு."

பக்கத்து டீக்கடையிலிருந்து தங்கமுத்து டீயை நீட்டினார். "பாய்க்கு வழக்கம்போல ரெட்டைச் சீனி."

அந்தோணிராஜ் தலையில் அடித்துக்கொண்டான். "சர்க்கரை இருநூறத் தாண்டுன மனுசனுக்கு ரெட்டைச் சீனி! உருப்படுமா?"

"அது வேற, இது வேற. நீ வேலையைப் பாரு."

"எனக்கென்னமோ இந்த மெஷினே கோளாறுன்னு தோணுது. மலைக்கோட்டை வரைக்கும் காத்தாப் போயிட்டு வாரீங்க. இது தெனம் தொள்ளாயிரம் அடின்னு காட்டுது."

"அது சரியாத்தான் காட்டுது."

"உங்க வீட்டம்மா குசும்பு வேற. இந்த நம்பருக்கெல்லாம் மேல உங்களைத் 'தங்கம்'னு பேர் போட்டு வச்சிருக்காங்க."

பாய் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். "அவளுக்குத் தங்கம்தான்."

டீயில் ஏடு படிந்தது. அவர் தொடவில்லை.

"அம்மாவுக்கு இதைப் போட்டுக் குடுத்தது இஷாக்தானே? ஓசூர்லதான இருக்கான், ஒரு வார்த்தை கேட்டா..."

"அவன் பேச்சை எடுக்காத."

ஊருக்கே தெரிந்த கதை. அஞ்சு வருஷத்துக்கு முன்னால், தோல் நாற்றம் தனக்கு ஆகாது, கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறேன் என்றான் மகன். அந்த நாற்றத்தில் ஆக்கிய சோற்றைத் தின்றுதானே வளர்ந்தாய், இனி என் வீட்டுப்படி ஏறாதே என்றார் அத்தா. ஏறவில்லை. அம்மாவின் ஜனாஸாவுக்கு வந்தான். தோள் கொடுத்தான், மூன்று பிடி மண் போட்டான், அத்தாவின் முகத்தைப் பார்க்காமலே ஓசூர் பஸ் ஏறிவிட்டான். திரும்பிப் பார்ப்பான் என்று பாய் கபர்ஸ்தான் வாசலில் நின்றார். வெகுநேரம் நின்றார்.

"பேசாம ஒண்ணு செய்வோம் பாய். பழசை அழிச்சுட்டு உங்க பேர்ல புதுசாப் போட்டுத் தாரேன். அஞ்சு நிமிசம்."

பாய் பாய்ந்து போனைப் பிடுங்கினார். "அழிக்கிறதா? எனக்கு மிச்சம் இருக்கிறதே இது ஒண்ணுதாம்லே!" துண்டு முனையால் அதைத் துடைத்தார். "வரும். இங்கேயே உக்காந்திருக்கேன். வராமப் போயிருமா?"

ஸ்டூலில் உட்கார்ந்து போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்தோணிராஜ் வேறு இரண்டு போனுக்குக் கண்ணாடி மாற்றி முடித்தான். அப்போதுதான் அது கிணுங்கென்று ஒரு சத்தம் போட்டது.

"குடுங்க, குடுங்க! வந்துருச்சு பாய். நூத்தி முப்பத்தெட்டு! கோடு பச்சையா ஓடுது."

"நெசமா? இன்னொருக்காப் படி."

"நூத்தி முப்பத்தெட்டு."

"அல்ஹம்துலில்லாஹ்." ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தோள்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "நல்லாருக்குல்ல? ஒண்ணும் ஆகலல்ல?"

"நீங்க நல்லாத்தான் இருக்கீங்கன்னு அப்பவே சொன்னேனே! இருங்க, கூடவே ஒரு மெசேஜும் வந்திருக்கு."

முதல் வரியிலேயே அவன் நின்றுவிட்டான். நிமிர்ந்து, பாய் காட்ட மறுத்த அந்தக் கையைப் பார்த்தான்.

"என்னலே முழிக்கிற? படி."

அந்தோணிராஜ் மெல்லப் படித்தான்: "அத்தா, எனக்கு ஒண்ணும் இல்ல. என் கையில இருந்த வில்லை தீந்துபோச்சு, புதுசு வர ரெண்டு நாளாச்சு. அதுக்குள்ள அம்மா போன்ல முப்பத்தாறு தடவை தொறந்து பாத்திருக்கீங்கன்னு என் போன்ல காட்டுது. நீங்க பாக்குறீங்கன்னுதான் நான் இதை ஒட்டிக்கிட்டே இருக்கேன் அத்தா."