தமக்லோவுக்குப் பதில் சொல்பவன்

"கார்ப்பரல் தமக்லோ" என்று கூப்பிட்டேன். பதில் வரவில்லை.

இதுவரை அப்படி நடந்ததே இல்லை.

எங்கள் கடலோர ஊரான அன்லோகாவில் பழைய படைவீரர் சங்கம் ஒவ்வொரு நவம்பரிலும் கூடும். பர்மாப் போருக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக நான் கூப்பிடுவேன். அந்தப் பெயருக்குரியவனைக் கடைசியாகப் பார்த்த தோழன் எழுந்து நின்று "இருக்கிறான்" என்று சொல்ல வேண்டும். சொன்னதும் மண்ணில் கொஞ்சம் சாராயம் ஊற்றுவேன். போனவனை அனாதையாக விடமாட்டோம் என்று அதற்கு அர்த்தம்.

தமக்லோவுக்குப் பதில் சொல்பவன் அமெகாஷி. பர்மாவின் கலடான் காட்டில் அவனோடு ஒரே பதுங்கு குழியில் கிடந்தவன்.

முன்வரிசையில்தான் இருந்தான். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

காது மந்தம் போல என்று நினைத்துக்கொண்டேன். எங்களில் பாதிப் பேரின் காதைப் பீரங்கி தின்றுவிட்டது. குரலை உயர்த்தி இரண்டாம் முறை கூப்பிட்டேன்.

பின்னால் யாரோ இருமினார்கள். கடல்காற்றில் கூரைத் தகரம் ஆடியது.

பெண்கள் பெஞ்சிலிருந்து கோஷிவா எழுந்தாள். தமக்லோவின் மனைவி. கல்யாணமான ஈரம் காய்வதற்குள் அவன் கப்பலேறிவிட்டான். படையிலிருந்து "காணவில்லை" என்று ஒரு தந்தி வந்ததோடு சரி. செத்தான் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. புகை போட்ட மீன் விற்று மாமியாரைக் கடைசிவரை காப்பாற்றினாள்.

அமெகாஷியின் வாயிலிருந்து அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் வருடம் தவறாமல் வருவாள். முதலில் வந்தபோது அவளுக்கு ஒரு நரைமுடி கிடையாது. இப்போது ஒரு கறுப்பு முடி கிடையாது.

நேராக வந்து அவன் தோளைத் தட்டினாள்.

"என்னண்ணே, தூங்கிட்டீங்களா? அவரைக் கூப்பிடுறாங்க."

"என்னால முடியல, கோஷிவா."

"ஒரு வார்த்தைதானே. தொண்டை கட்டிக்கிச்சா?"

அவன் தலை நிமிரவில்லை. "போன மாசம் தக்கோராடில அவனைப் பொதைச்சுட்டு வந்தேன்."

பாட்டிலும் கையுமாக நான் பக்கத்திலேயே நின்றேன். எனக்குக் கேட்டது. மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது.

கோஷிவா சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்திருப்பாள். "யாரை?" என்று கேட்டாள். அவன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

பிறகு அவனே கொட்டினான். காட்டில் காய்ச்சலோடு கிடந்த தமக்லோவை வேறொரு படை தூக்கிப் போயிருக்கிறது. ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்து, கடைசிக் கப்பலில் தக்கோராடி வந்து இறங்கியிருக்கிறான். துறைமுகத்தில் சோறு விற்ற ஒருத்தி வீட்டில் தங்கியிருக்கிறான். அந்த வருடமே அமெகாஷி அவனை அங்கே பார்த்திருக்கிறான்.

"அடுத்த மாசம் ஊருக்கு வர்றேன்னுதான் சொன்னான். அதுக்குள்ள பிள்ளை பொறந்துடுச்சு. யார்கிட்டயும் சொல்லாதேன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டான். நான் என்ன செய்யிறது? தோழனைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்னு இந்த இடத்துலதானே சத்தியம் பண்ணோம்?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். அந்தச் சத்தியத்தைச் செய்து வைத்தவன் நான்தான்.

எத்தனை பேர் எழுந்து நின்று எத்தனை பேருக்காக "இருக்கிறான்" என்று சொல்லியிருப்போம்! எல்லாம் செத்தவனின் மரியாதைக்காகச் சொன்ன பொய். இவன் ஒருவன் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறான், அவள் முகத்துக்கு நேராக.

"பிள்ளைங்க எத்தனை?" என்று கோஷிவா கேட்டாள்.

"நாலு."

அவள் தலையாட்டினாள். அதோடு அவன் வாயை மூடியிருக்கலாம். அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று எண்ணினானோ என்னவோ, மேலே பேசினான்.

"ஆனா உன்னை மறக்கல. வருஷா வருஷம் கேப்பான், கோஷிவா வந்தாளான்னு."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"வந்தாள்னு சொல்வேன்."

"அதுக்கு அவர்?"

"சந்தோஷப்படுவான்."

கோஷிவா அழவில்லை, ஏசவும் இல்லை. இடுப்புத் துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். என் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த பேரைக் கூப்பிடுங்க, சார்ஜன்ட்."

பட்டியலில் அடுத்த பெயரைத் தேடினேன்.

போர் முடிந்து ஊர் திரும்பிய சில வருடங்களில் நானே அவளைப் பெண் கேட்டிருக்கிறேன். "ஒவ்வொரு வருஷமும் ஒருத்தர் எழுந்து நின்னு அவர் இருக்கார்னு சொல்றாரு. காதால கேட்டுட்டு உங்க வீட்டுக்கு நான் எப்படி வர்றது, சார்ஜன்ட்?" என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. வேறு யாரையும் கட்டவும் இல்லை.

அவள் அப்படிச் சொன்ன அன்று மாலை என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப் போய், சாராயம் வாங்கிக் கொடுத்து, தோளில் கைபோட்டுத் தேற்றியவன் அமெகாஷி.

"விட்டுடு, சார்ஜன்ட்," என்றான். "தமக்லோ இருக்கிற வரைக்கும் அவ வேற யாரையும் ஏறெடுத்துப் பாக்க மாட்டா."