வராத படகு

கணவன் ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தான்.

"கால்ல சக்கரமா கட்டியிருக்கு? கொஞ்சம் உட்காருங்களேன்" என்றாள் மனைவி.

"கடத்தல் படகு இன்னைக்கும் வரலைடி. ஒரு சிப்பம் புகையிலை, ஒரு உருண்டை அபின் கூடக் கரையேறலை. இப்படியே போனா நம்ம அடுப்புல பூனைதான் தூங்கும்."

"மெல்லப் பேசுங்க! யார் காதுலயாவது விழப்போகுது."

கதவு தட்டப்பட்டது. அவன் அவசர அவசரமாக ஆணியில் தொங்கிய சுங்க அதிகாரி உடுப்பை மாட்டிக்கொண்டு திறந்தான். அவன் பலமுறை பிடித்து உள்ளே தள்ளிய படகுக்காரன் நின்றான்.

"ஏன்டா வர்றதில்லை? பிடிபட்ட சரக்குலதானே சர்க்கார் எனக்குப் பங்கு தருது?"

"எப்படிங்கய்யா வர்றது? துரை வரியைக் குறைச்சதுல கடையிலயே மலிவாக் கிடைக்குது. என் சரக்கை யாரு சீண்டுறா?"

"கவலையை விடு. வரியை ஏத்தச் சொல்லி துரைக்கு மனு கொடுத்துட்டேன்."

"என்ன காரணம் சொன்னீங்க?"

"விலை மலிஞ்சுபோனதால ஜனங்க அபின் தின்னே அழியுறாங்கன்னு."

படகுக்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"ஜனங்க மேல உங்களுக்காவது அக்கறை இருக்கேய்யா!"