கோல்கீப்பர் வாய் திறக்கிறான்

ஷார் மலைப் பனியில் பட்ட சாய்வெயில் மாசிடோனியாவின் தெதோவோ நகர மைதானத்தில் கண்ணைக் கூச வைக்கிறது. ஆட்டம் முடிய ஒரே நிமிடம். உள்ளூர் அணி ஒரு கோல் முன்னிலை. எதிரணிக்குக் கார்னர். அல்பேனிய இனத்தவரின் இந்தக் கிளப்புக்கு முதன்முதலாக வந்திருக்கும் மாசிடோனிய இனக் கோல்கீப்பர் ஸ்லாத்கோ கையுறைகளைத் தட்டிக்கொள்கிறான். தன் மொழியில் கத்தினால் கூட்டம் ஏசுமோ என்று போன வாரம் அவன் வாயே திறக்கவில்லை. பந்து தனக்கு என்று அவன் சொல்லாததால், சொந்த அணிக் கேப்டன் இல்பெரும் எகிறி அவன்மேல் மோத, கோல் விழுந்தது. "இன்னிக்காவது பேசுவானாடா?" சூரியகாந்தி விதை கொறித்தபடி கேலரியில் ஒருவர் கேட்கிறார். இல்பெருக்கும் அதே யோசனைதான். பந்து உயர்கிறது. எகிறலாமா, விடலாமா? பின்னாலிருந்து உடைந்த அல்பேனிய மொழியில் ஒரு கத்தல்: "விடு! நான் உன்னோடது!" பந்து என்னோடது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறான். இல்பெர் குனிகிறான். பந்து கையுறைக்குள் அடங்குகிறது. கேலரி சிரிப்பில் குலுங்க, இல்பெர் திரும்பி, "ஆமாண்டா, எங்களோடதுதான்!" என்கிறான்.