விடாத

ஜாக்கியில் நிற்கும் பழைய குட்டிக் காருக்குள் மாலை வெயில் தேனாய் வழிகிறது. போன வாரம் பிரேக் பிடிக்காமல், நிற்காமல் ஓடிய வண்டி. இனி ஏறவே மாட்டேன் என்ற மனைவி, பிரேக் பெடலை மிதிக்க மட்டும் உட்கார்ந்திருக்கிறாள். கணவன் புது டிஸ்க் பிரேக்கடியில் படுத்திருக்கிறான். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். குழாயில் குமிழி இருந்தால் பெடல் பஞ்சாகிவிடும். காற்றை வெளியேற்றும் திருகாணியில் கண்ணாடிபோன்ற குழாயை மாட்டி, அதைத் தளர்த்தியபடி, "மிதி, விடாத!" என்கிறான். அவள் காதில் 'விடு' என்று விழுகிறது. காலை எடுக்க, வெளியேறிய குமிழிகள் உள்ளே திரும்புகின்றன. "காது என்ன, வாடகைக்கு விட்டிருக்கியா?" "வார்த்தையோட வாலை முழுங்கிட்டு என்னைச் சொல்றீங்களா? 'பிடி'ன்னு சொல்லுங்க." "பிடி... பிடி..." தாலாட்டுப்போல் நீள்கிறது. கண்ணாடிக் குழாயில் குமிழிகள் கடுகாய்ச் சிறுத்து, மறைகின்றன. பாதத்தடியில் பெடல் கல்லாய் நிற்கிறது. அவள் பக்கத்து இருக்கைக்கு நகர்ந்து பெல்ட்டை மாட்டுகிறாள். "ஏறுங்க, போலாம்." "சக்கரத்தை மாட்டிக்கட்டுமாம்மா?"